கப்பலில் வந்த வினாத்தாள்கள்

மேல்நிலைப் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் பெற்றோர், அங்கே என்ன கற்பிக்கப்படுகிறது என்பதைவிட, அங்கே பெறும் சான்றிதழை எந்த நாட்டுப் பல்கலைக்கழகம் ஏற்கும் என்று முதலில் விசாரிப்பது அண்மைக் காலத்தில் தோன்றிய பழக்கம் என்று பலரும் கருதினாலும், தமிழர் வாழும் நிலப்பகுதிகளில் இக்கேள்விக்கு ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு வயதாகிறது. இன்றைய பன்னாட்டுப் பாடத்திட்டங்களுக்கு நெடுங்காலம் முன்பே, யாழ்ப்பாணத்துப் பள்ளிகள் தங்கள் மாணவரைச் சென்னைக்கா, கல்கத்தாவுக்கா, லண்டனுக்கா, கேம்பிரிட்ஜுக்கா, எந்தத் தேர்வுக்கு ஆயத்தம் செய்வது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த முடிவைப் பொறுத்தே பள்ளிகளின் பெயரும் மாணவர் வருகையும் அமைந்தன. பள்ளி உள்ளூரில் இருந்தது, அதன் சான்றிதழின் மதிப்போ கடலுக்கு அப்பால் எழுதப்பட்ட விதிகளில் இருந்தது என்பதுதான் இவ்வரலாறு முழுவதும் தொடரும் நிலை.

இதன் தொடக்கத்தை வட்டுக்கோட்டையில் காணலாம். 1816-இல் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அமெரிக்க மிஷனரிமார், 1823-இல் வட்டுக்கோட்டையில் தொடங்கி, டேனியல் பூவரின் தலைமையில் வளர்த்த உயர்கல்வி நிலையமே பின்னர் வட்டுக்கோட்டை செமினரி எனப் பெயர்பெற்றது. ஆங்கிலமும் தமிழும் வடமொழியும், கணிதமும் வானியலும் பயிற்றப்பட்ட அந்நிலையத்தின் பாடத்திட்டத்தைக் கண்ட இலங்கைக் குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்ட், 1850-இல் வெளியான தமது நூலில், ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு அதனை ஒப்பிட்டுப் பாராட்டினார். ஆயினும் பட்டம் வழங்கும் உரிமை அதற்கு இருக்கவில்லை. பிரித்தானியர் ஆண்ட தீவில் அமெரிக்கர் நடத்திய நிறுவனம் அது என்பதை நினைத்தால் இதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. கல்வி உயர்தரமானது, அதற்குச் சாட்சி சொல்லும் தாள் மட்டும் இல்லை என்ற இந்த நிலை, பின்வந்த தலைமுறைகளின் நிலைக்கு நேர் எதிரானது.

பாஸ்டனில் இருந்த மிஷன் தலைமையகத்தின் செயலாளர் ரூபஸ் ஆண்டர்சன், ஆங்கிலக் கல்வி அரசு உத்தியோகத்துக்கு ஆள் சேர்க்கிறதே தவிர சமயப்பணிக்குப் பயன்படவில்லை என்று கருதியவர். அவர் பங்கேற்ற தூதுக்குழு யாழ்ப்பாணம் வந்து சென்றதையடுத்து, 1855-இல் செமினரி மூடப்பட்டது. இரண்டே ஆண்டுகளில், 1857-இல், கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் அமைந்தன. அதையடுத்துச் சென்னையில் நடந்த முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவரும், அதாவது சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும், மூடப்பட்ட அந்தச் செமினரியின் பழைய மாணவர்கள். பிற்காலத்தில் வீரசோழியத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றிய பதிப்பாசிரியராகவே தாமோதரம்பிள்ளையைத் தமிழுலகம் நினைவில் வைத்திருக்கிறது. கல்வி வரலாற்றில் அவருக்கு இன்னோர் இடமும் உண்டு: ஒரு நாட்டில் கற்று, வேறொரு நாட்டின் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெறும் வழியைத் தமிழரிடையே முதலில் மெய்ப்பித்துக் காட்டியவர்கள் அவ்விருவரும்தாம்.

அதே காலத்தில் இங்கிலாந்தில் நிகழ்ந்த இரு மாற்றங்கள் அவ்வழியை அகலப்படுத்தின. 1858-இல் லண்டன் பல்கலைக்கழகம் பெற்ற புதிய சாசனம், அதனோடு இணைந்த கல்லூரிகளில் படிக்காதவரும் தேர்வு எழுதிப் பட்டம் பெறலாம் என்று வகை செய்தது. வகுப்பில் அமராமல் தேர்வு வழியாக மட்டுமே பெறப்பட்ட இதனை வெளிவாரிப் பட்டம் என்று இலங்கையில் இன்றும் குறிப்பிடுவர். இப்பட்டப்படிப்புக்கு நுழைவாயிலாக இருந்த புகுமுகத் தேர்வே லண்டன் மெட்ரிகுலேஷன். அதே 1858-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம், பள்ளி மாணவரை அவரவர் ஊரிலேயே தேர்ந்து சான்றளிக்கும் உள்ளூர்த் தேர்வுகளைத் தொடங்கியது. பதினாறு வயதுக்கு உட்பட்டோர்க்கு ஜூனியர், பதினெட்டு வயதுக்கு உட்பட்டோர்க்கு சீனியர் என இரு நிலைகளில் நடந்த இத்தேர்வு, இங்கிலாந்தின் ஊர்களுக்காகவே திட்டமிடப்பட்டது; ஆனால் ஐந்தாறு ஆண்டுகளுக்குள் மேற்கிந்தியத் தீவுகளில் உள்ள டிரினிடாடில் முதல் கடல்கடந்த தேர்வு மையம் அமைந்துவிட்டது. மாணவிகளும் எழுதலாம் என்று 1865-இல் முறையாக ஏற்கப்பட்டதால், 1880-இல் இத்தேர்வு இலங்கைக்கு வந்தபோது, சட்டப்படி பெண்களுக்கும் அது திறந்தே இருந்தது.

தேர்வு நடந்த முறையே இந்த ஏற்பாட்டின் இயல்பை விளக்கும். முத்திரையிட்ட வினாத்தாள்கள் கப்பலில் வந்தன. டிசம்பரில் மாணவர் எழுதிய விடைத்தாள்கள் கப்பலிலேயே கேம்பிரிட்ஜுக்குத் திரும்பின. அங்கே திருத்தப்பட்டு முடிவுகள் வந்து சேரச் சில மாதங்கள் பிடித்தன. விடையைத் திருத்தியவர் மாணவரைக் கண்டதில்லை, மாணவரின் ஊரையும் அறிந்ததில்லை. இதுவே ஒருவகையில் அத்தேர்வுக்கு நம்பகத்தன்மையைத் தந்தது, ஏனெனில் உள்ளூர்ச் செல்வாக்கும் சாதியும் சமயமும் எட்டாத தொலைவில் மதிப்பெண் இடப்பட்டது. ஆனால் அந்தத் தொலைவுக்கு ஒரு விலையும் இருந்தது. கேம்பிரிட்ஜில் எது பாடமாக வைக்கப்பட்டதோ அதுவே பள்ளியின் கால அட்டவணையை நிரப்பியது, அங்கே கேட்கப்படாதது இங்கே கற்பிக்கப்படாமல் ஒதுங்கியது.

தேர்வுகள் பலவாக இருந்ததால் பள்ளிகளுக்கிடையே போட்டியும் எழுந்தது. மூடப்பட்ட செமினரியின் பழைய மாணவரும் உள்ளூர்க் கிறித்தவரும் விடாது வலியுறுத்தியதன் விளைவாக 1872-இல் வட்டுக்கோட்டையில் யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கியது. 1890-இல் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரி தோன்றியது. இவ்விரண்டும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து மாணவரை ஆயத்தம் செய்தன. பாக் நீரிணைக்கு அக்கரையில் சென்னை இருக்க, வங்கத்தில் இருந்த பல்கலைக்கழகத்தை நாடியது இன்று விந்தையாகத் தோன்றலாம். ஆனால் இலங்கையில் கல்கத்தாவின் தொடர்பு புதியதல்ல: கொழும்பு அகடமியின் மேற்பிரிவான குயின்ஸ் கல்லூரி 1859-இலேயே அதனோடு இணைக்கப்பட்டிருந்தது. இந்த ஏற்பாட்டுக்கு முடிவு வந்தது யாழ்ப்பாணத்தில் எவர் செய்த தவறினாலும் அல்ல. கர்சன் பிரபுவின் ஆட்சியில் நிறைவேறிய 1904-ஆம் ஆண்டின் இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம், ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் நில எல்லையையும் அரசு வரையறுக்கும் என்று விதித்தது. இந்தியக் கல்லூரிகளை ஒழுங்குபடுத்த இயற்றப்பட்ட அச்சட்டத்தின் விளைவாக, தங்களைப் பற்றி யாரும் எண்ணிப் பார்க்காத நிலையில் யாழ்ப்பாணப் பள்ளிகள் கல்கத்தாவை இழந்து, லண்டனையும் கேம்பிரிட்ஜையும் முழுமையாகச் சார்ந்து நிற்க வேண்டியதாயிற்று.

ஒரே குடும்பத்துக்குள்ளும் வழிகள் பிரிந்தன. மானிப்பாயைப் பூர்விகமாகக் கொண்ட பொன்னம்பலம் குடும்பத்தில், அண்ணன் இராமநாதன் சென்னை மாநிலக் கல்லூரிக்கு அனுப்பப்பட்டார். தம்பி அருணாசலமோ கொழும்பு அகடமியில் பயின்று, அரசு உதவித்தொகை பெற்று 1870-இல் கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குச் சென்று, 1875-இல் போட்டித் தேர்வு வழியாக இலங்கைச் சிவில் சேவையில் நுழைந்த முதல் இலங்கையரானார். செல்வமும் செல்வாக்கும் உள்ள வீட்டுக்கு இத்தெரிவுகள் எட்டின. மற்றவர்களுக்குச் சான்றிதழ் திறந்துவிட்ட கதவு வேறு.

அக்கதவு மலாயாவில் இருந்தது. கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் (அரசாங்கத்தில்) மேய்க்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தார் சொல்லி வந்த காலத்தில், வறண்ட நிலமும் தோட்டப் பயிருமாக இருந்த குடாநாட்டில் ஆங்கிலச் சான்றிதழே பெயர்த்துக் கொண்டுபோகக்கூடிய சொத்தாக இருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் மலாய் அரசுகளில் ரயில் பாதைகளும் நில அளவைத் துறையும் கருவூலங்களும் விரிவடைந்தபோது, ஆங்கிலம் எழுதவும் கணக்கு வைக்கவும் தெரிந்த எழுத்தர்களையும் நிலைய அதிபர்களையும் யாழ்ப்பாணப் பள்ளிகள் அனுப்பின. அவர்கள் அனுப்பிய பணத்தில் கல்வீடுகளும் கோயில்களும் பள்ளிக் கட்டடங்களும் எழுந்தன. உத்தியோக மாப்பிள்ளையின் சீதனமும் உயர்ந்தது. பள்ளித் தெரிவு திருமணச் சந்தையையும் தொட்டது என்பதை ஒதுக்கிவிட்டு அக்காலக் கல்வி வரலாற்றை எழுத முடியாது.

வெளித்தேர்வுகளை மிகக் கடுமையாக எதிர்த்தவர்களுள் அவற்றின் வழியே உயர்ந்தவர்களும் இருந்தனர். கேம்பிரிட்ஜில் படித்த அருணாசலமே 1906-இல் இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கத்தின் முன்னணியில் நின்று, பிறநாட்டுத் தேர்வுகளுக்காகவே பள்ளிகள் இயங்குவதால் மாணவர் தம் மொழியையும் தம் நாட்டையும் அறியாதவராகிறார்கள் என்று வாதாடினார். அந்த முயற்சியின் பயனாக 1921-இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. ஆயினும் அதன் மாணவர் எழுதியது லண்டனின் வெளிவாரித் தேர்வையே. சொந்தப் பட்டம் வழங்கும் இலங்கைப் பல்கலைக்கழகம் ஐவர் ஜென்னிங்ஸின் தலைமையில் அமைய 1942 வரை காத்திருக்க நேர்ந்தது.

அமெரிக்க மிஷனின் கதைக்கு இன்னொரு கிளை உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து சென்றவர்களே 1834-இல் மதுரையில் அமெரிக்க மிஷனை நிறுவினர். சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் பலரைப் பறிகொடுத்த அம்மிஷன், 1845-இல் பழனி மலைமீது கொடைக்கானலில் ஓய்வு இல்லங்களைக் கட்டிக்கொண்டது. மிஷனரிக் குடும்பங்கள் தம் பிள்ளைகளைச் சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு அனுப்பிவிட்டு ஆண்டுக்கணக்கில் பிரிந்திருக்க வேண்டிய துன்பத்தைக் குறைக்க, 1901-இல் அங்கே ஹைகிளார்க் என்ற பள்ளி தொடங்கப்பட்டது. வட்டுக்கோட்டையின் நோக்கத்துக்கு இதன் நோக்கம் தலைகீழானது: உள்ளூர் மாணவரை வெளியுலகுக்கு ஆயத்தம் செய்வதற்காக அல்லாமல், வெளிநாட்டுப் பிள்ளைகள் தம் தாயகத்துக் கல்லூரியில் சிக்கலின்றிச் சேர்வதற்காக எழுந்த பள்ளி அது. எனவே தமிழ்நாட்டு மலையொன்றின் ஏரிக்கரையில் அமெரிக்கப் பாடத்திட்டம் வேரூன்றியது. இந்திய விடுதலைக்குப் பின் மிஷனரிகளின் எண்ணிக்கை குறையக் குறைய, பள்ளியின் அடிப்படையே ஆட்டம் கண்டது. 1970களில் அது இந்திய மாணவரையும் பெருமளவில் ஏற்கும் பன்னாட்டுப் பள்ளியாகத் தன்னை மாற்றிக்கொண்டது.

அம்மாற்றத்துக்கு உதவியது ஜெனீவாவில் உருவான ஒரு திட்டம். நாடுகளின் சங்கத்திலும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பிலும் பணியாற்றியோரின் பிள்ளைகளுக்காக 1924-இல் தொடங்கப்பட்ட ஜெனீவா சர்வதேசப் பள்ளியில், மேல்வகுப்புக்கு வந்ததும் மாணவர் பிரிந்துவிடுவர்; பிரெஞ்சு மாணவர் பிரெஞ்சுத் தேர்வுக்கும், ஆங்கிலேயர் ஏ லெவலுக்கும், அமெரிக்கர் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கும், சுவிஸ் மாணவர் தம் நாட்டுத் தேர்வுக்கும் எனச் சிறுசிறு குழுக்களாகப் படிக்க, ஆசிரியர் ஒரே பாடத்தைப் பலவாறு நடத்த வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் பள்ளிகளைப் பிரித்த அதே கேள்வி ஜெனீவாவில் ஒரு வகுப்பறையைப் பிரித்தது எனலாம். இதற்குத் தீர்வாக, எல்லா நாட்டுப் பல்கலைக்கழகங்களும் ஏற்கத்தக்க பொதுத் தேர்வு ஒன்றை வகுத்த சர்வதேச பக்கலோரியா அமைப்பு, அதாவது ஐபி, 1968-இல் நிறுவப்பட்டது. ஆக்ஸ்போர்டில் கல்வியியல் துறைக்குத் தலைமை வகித்த அலெக் பீட்டர்சன் அதன் முதல் தலைமை இயக்குநர். ஆறு பாடங்கள், நீண்ட ஆய்வுக் கட்டுரை, அறிவின் இயல்பை ஆராயும் தனிப்பாடம், சமூகப்பணி ஆகியவை சேர்ந்த இரண்டாண்டுப் படிப்பு அது. இந்தியாவில் அதனை முதலில் ஏற்ற பள்ளி கொடைக்கானல் சர்வதேசப் பள்ளியே, ஆண்டு 1976.

கேம்பிரிட்ஜ் வழியோ இந்தியாவில் வேறு திசையில் சென்றது. ஆங்கிலோ இந்தியப் பள்ளிகளில் நடந்த சீனியர் கேம்பிரிட்ஜ் தேர்வைப் படிப்படியாக இந்தியர் பொறுப்பில் கொண்டுவர 1958-இல் டெல்லியில் ஒரு கவுன்சில் அமைக்கப்பட்டது. இன்றைய ஐசிஎஸ்இ, ஐஎஸ்சி தேர்வுகள் அதன் வழிவந்தவை. வெளிநாட்டுத் தேர்வு ஒன்று உள்நாட்டுத் தேர்வாகவே மாறிவிட்டது, அந்த வரலாறு பெற்றோர் பலருக்குத் தெரியாத அளவுக்கு. ஐபி அவ்வாறு மாறவில்லை. ஆயினும் இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் 1983-இல் அதனைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு நிகரானதாக ஏற்ற பிறகே, அது உள்நாட்டு உயர்கல்விக்கும் உரிய வழியாயிற்று. பாடத்தெரிவில் மட்டும் பழைய சிக்கல் நீடிக்கிறது: மொழி, சமூக அறிவியல், இயற்கை அறிவியல், கணிதம் என்று துறைதோறும் ஒரு பாடம் எடுக்கச் சொல்லும் ஐபி அமைப்பில் பொதுவாக இரண்டு அறிவியல் பாடங்களுக்கே இடமுண்டு, இந்திய மருத்துவக் கல்லூரியோ இயற்பியல், வேதியியல், உயிரியல் ஆகிய மூன்றையும் கேட்கிறது. மூன்றையும் எடுக்க விரும்பும் மாணவருக்காகப் பள்ளி ஐபி அமைப்பிடம் தனி அனுமதி பெற வேண்டும் என்பதால், மருத்துவம் படிக்கும் எண்ணம் இருப்பதைப் பதினோராம் வகுப்பில் சேரும்போதே சொல்லிவிடுவது அவசியமாகிறது.