ஊதா ஆவியிலிருந்து உப்புப் பைக்கு

ஆனையிறவுக் கடலேரியின் நீரில் அயடீன் இருக்கிறது. ஆனால் அந்த நீர் வெயிலிலும் கச்சான் காற்றிலும் வற்றிப் பாத்தியில் கல்லுப்பாகத் திரளும்போது அயடீன் அதில் ஏறக்குறைய இருப்பதே இல்லை. உப்புப் பளிங்கு அதைத் தன்னோடு சேர்த்துக்கொள்வதில்லை. பெரும்பங்கு மிஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடும். கொஞ்சம் காற்றோடு போய்விடும். கடல் சூழ்ந்த யாழ்ப்பாணத்தில் விற்கும் உப்புப் பையிலும் ‘அயடீன் சேர்க்கப்பட்டது’ என்று அச்சிட்டிருப்பது இதனால்தான். அதைச் சேர்க்கும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால், நெப்போலியனின் வெடிமருந்தில் போய் நிற்போம்.

1811ஆம் ஆண்டு. போருக்கு வெடிமருந்து வேண்டும், வெடிமருந்துக்கு வெடியுப்பு வேண்டும். பெர்னார் கூர்துவா என்ற பிரெஞ்சுக்காரர் வெடியுப்புத் தயாரித்து வந்தார். அதற்குத் தேவையான மரச்சாம்பல் அருகிப்போனதால் கடற்பாசிச் சாம்பலைப் பயன்படுத்தினார். ஒருநாள் அந்தச் சாம்பற்கழிவில் கந்தக அமிலம் கொஞ்சம் கூடிவிட்டது. ஊதா நிற ஆவி எழுந்து, குளிர்ந்த இடத்தில் கரும்பளிங்காகப் படிந்தது. கூர்துவாவிடம் மேலே ஆராயப் பணமில்லை. மாதிரிகளை நண்பர்களுக்குக் கொடுத்தார். 1813இல் பிரான்சின் கே-லுசாக்கும் இங்கிலாந்தின் ஹம்பிரி டேவியும் ‘இது புதிய தனிமம்’ என்று முந்திச் சொல்வதற்குப் போட்டி போட்டார்கள். கண்டுபிடித்த கூர்துவாவோ 1838இல் வறுமையில் இறந்தார்.

கழுத்துக் கழலைக்குக் கடற்பாசியும் சுட்ட கடற்பஞ்சும் கொடுப்பது சீனத்திலும் ஐரோப்பாவிலும் பல நூற்றாண்டுப் பழக்கம். அந்தச் சாம்பலில் வேலை செய்தது இந்தப் புதுத் தனிமமாகத்தான் இருக்கும் என்று ஜெனீவா மருத்துவர் கொயிந்தே ஊகித்தார். 1820இல் அயடீன் கரைசலைக் கொடுத்துப் பார்த்தார், கழலைகள் சுருங்கின. செய்தி பரவியதும் ஆளாளுக்கு மருந்தை வாங்கிக் கணக்கில்லாமல் குடித்தார்கள். நெஞ்சு படபடத்தது, உடல் மெலிந்தது, அயடீனுக்குக் கெட்ட பெயர் வந்தது. அளவு அறியாமல் நல்ல மருந்தைக் கெடுத்த அந்த அவசரத்தின் விலை மிகப் பெரியது: பின்வந்த மருத்துவர்கள் பல பத்தாண்டுகள் அயடீனைத் தொட அஞ்சினார்கள்.

இதற்கிடையே தென்னமெரிக்காவில் பிரெஞ்சு வேதியியலாளர் புசெங்கோ ஒன்றைக் கவனித்தார். இன்றைய கொலம்பியாவில், சில ஊற்றுகளின் உப்பைத் தின்னும் ஊர்களில் கழலை இல்லை. அந்த உப்பில் இயற்கையாகவே அயடீன் இருந்தது. அத்தகைய உப்பையே எல்லாருக்கும் கொடுக்கலாம் என்று 1830களில் எழுதினார். யாரும் செவிசாய்க்கவில்லை.

அந்நாட்களில் கழலை தோன்றும் கழுத்துச் சுரப்பியான தைரொயிட்டின் இருப்பிடம் தெரியும், வேலை தெரியாது. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் மருத்துவர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற உடற்கூற்றியல் நூல் 1872இல் தமிழில் வந்தது. அந்த ஆண்டில், மானிப்பாய் மாணவரைப் போலவே, லண்டன் பேராசிரியராலும் தைரொயிட் எதற்கு என்று உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது.

விடை வேகமாக வந்தது. சுவிற்சர்லாந்தின் கொக்கர் சுரப்பியை முழுதாக வெட்டி எடுத்த நோயாளிகள் மந்தமாகி வீங்கிப்போனதை 1883இல் அறிவித்தார். 1891இல் ஆங்கிலேயர் ஜோர்ஜ் மறே, அதே போன்று மந்தமாகிப்போன ஒரு பெண்ணுக்குச் செம்மறியாட்டின் தைரொயிட் சாற்றை ஊசியாகப் போட்டார். அவர் தேறி, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்கு 870க்கும் மேற்பட்ட ஆடுகளின் சுரப்பிகள் தேவைப்பட்டன. 1895இல் ஜெர்மனியின் பௌமன் அந்தச் சுரப்பிக்குள் அயடீனைக் கண்டார். 1914 நத்தார் தினத்தன்று அமெரிக்காவின் கெண்டல் அதன் ஓமோனைப் பளிங்காகப் பிரித்தெடுத்தார். அதுதான் தைரொக்சின்.

ஒரு தைரொக்சின் மூலக்கூறில் நான்கு அயடீன் அணுக்கள் உண்டு. உணவில் அயடீன் குறைந்தால் ஓமோன் குறையும். மூளையடியிலுள்ள கபச்சுரப்பி அதை உணர்ந்து, ‘இன்னும் சுர’ என்று தன் ஓமோனால் தைரொயிட்டை நெருக்கும். மூலப்பொருள் இல்லாத சுரப்பி பெருத்துப் பெருத்துக் கழலையாகும். கழலை வெளியே தெரியும் அடையாளம் மட்டுமே. கருவிலிருக்கும் பிள்ளையின் மூளை வளர்ச்சி குன்றுவதுதான் பெரிய இழப்பு. வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு வேண்டியது 150 மைக்குரோகிராம். எழுபது வருட வாழ்வுக்கும் சேர்த்து 4 கிராமுக்குச் சற்றுக் குறைவு, அதாவது ஒரு தேக்கரண்டி கூட இல்லை.

இந்தத் துளியை எல்லார் வயிற்றுக்கும் எப்படிக் கொண்டுசேர்ப்பது? சுவிஸ் மலைக்கிராமங்களில் மருத்துவர் ஒட்டோ பயார்ட் 1918இல் உப்பில் மிகச் சிறிதளவு அயடைட்டைக் கலந்து கொடுத்துச் சோதித்தார். 1922இல் அப்பென்செல் மாநிலத்தில் அந்த உப்பு விற்பனைக்கு வந்தது. 1924இல் அமெரிக்காவின் மிச்சிகன் அதைப் பின்பற்றியது. பெரிய உப்பு வியாபாரிகள் உடனே தொடர்ந்தார்கள். இந்தியாவில் மருத்துவர் ராமலிங்கசுவாமி 1956இல் இமயமலை அடிவாரக் காங்ரா பள்ளத்தாக்கில் ஆய்வைத் தொடங்கினார். அயடீன் உப்பு போன பகுதிகளில் கழலை குறைந்தது. சாதா உப்பு போன பகுதியில் குறையவில்லை. ஈரமான வெப்ப நாடுகளில் அயடைட்டு விரைவில் சிதைந்துவிடும் என்பதால், உறுதியான பொற்றாசியம் அயடேற்று அதன் இடத்தைப் பிடித்தது. உலகின் அயடீனில் பாதிக்கு மேல் இன்று சிலி நாட்டுப் பாலைவனத்திலிருந்து வருகிறது.

இலங்கையில் கழலை அதிகம் கண்டது ஈரவலயத்தில். ஓயாத மழை மண்ணின் அயடீனைக் கரைத்துக்கொண்டு போவது அதற்கொரு காரணம். 1967இல் மகாதேவா, செந்தே சண்முகநாதன் ஆகிய இருவரும் இலங்கையின் கழலைப் பிரச்சினையைப் பிரித்தானிய ஊட்டச்சத்துச் சஞ்சிகையில் எழுதினார்கள். 1989இல் வெளியான, 17 மாவட்ட மாணவரிடையே நடந்த ஆய்வில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்குக் கழலை இருந்தது. 1995இல் மனிதர் உண்ணும் உப்பு முழுவதிலும் அயடீன் சேர்ப்பது கட்டாயமாயிற்று.

சட்டம் வந்தபோது ஆனையிறவு உப்பளம் இயங்கவில்லை. 1938இல் தொடங்கிய உப்பளம் அது. 1990இல் போர் அதை மூடியது. பாத்திகளைச் சுற்றி இராணுவ முகாமும் காவலரண்களும் நின்றன. ஒரு போர் உலகுக்கு அயடீனைத் தந்தது. இன்னொரு போர் அந்த அயடீன் வந்து சேரவேண்டிய பாத்திகளைப் பூட்டி வைத்தது. போர் முடிந்த பின் உப்பளம் மெல்ல மீண்டது. 2025 மார்ச்சில் அங்கே மேசை உப்புத் தொழிற்சாலை திறக்கப்பட்டது.

அயடீன் ஏறிச்செல்ல உப்பைவிட நல்ல வாகனம் இல்லை. பணக்காரர், ஏழை எல்லாரும் ஏறக்குறைய ஒரே அளவு உண்கிறார்கள். அது விளைவதோ சில இடங்களில் மட்டுமே, ஆகவே அங்கேயே கலந்துவிடலாம். இந்த நாட்டில் உப்பு என்றும் வறண்ட கரையிலிருந்து ஈர மலைக்கு ஏறியே வந்திருக்கிறது. 1766இல் ஒல்லாந்தர் கரையோரம் முழுவதையும் எடுத்துக்கொண்ட உடன்படிக்கையிலும் கண்டி மக்கள் உப்பெடுக்க இடம் விடவேண்டியிருந்தது. கழலை மிகுந்த மலைக்கு மருந்தும் இப்போது அதே வழியில் போகிறது. நோயெதிர்ப்புக் கோளாறால் வரும் தைரொயிட் குறைபாட்டை அயடீன் உப்பு தீர்க்காது, அதற்கு மாத்திரைதான். ஆனால் அயடீன் குறைவால் வரும் பாதிப்பை இந்த மலிவான கலவை முழுமையாகவே தடுக்கும். ஆகவே உப்பை மூடிய போத்தலில், அடுப்புச் சூட்டுக்குத் தள்ளி வையுங்கள், கழுவாதீர்கள், கறி இறக்கும் நேரத்தில் போடுங்கள். ஆனையிறவில் அயடேற்றுக் கரைசலைச் சரியான அளவில் தெளிக்கும் தொழிலாளி, தான் ஒருநாளும் காணப்போகாத மலையகத் தாயின் பிள்ளை பள்ளியில் நன்றாகப் படிப்பதற்கும் சேர்த்துத்தான் உழைக்கிறார். அந்த அளவு ஒரு மூடையிலும் தவறக்கூடாது.