படிவத்தில் எழுதாதவை

ஒருவருடைய மனநிலையை அறிய அவரையே கேட்டு, அவர் தரும் விடையையே சான்றாகக் கொள்ளும் வழியை உளவியலார் தன்னறிக்கை முறை என்பர்; நேர்காணலும் வினாப்படிவமும், 1932-இல் ரென்சிஸ் லிக்கர்ட் வகுத்த, உடன்பாட்டின் அளவைப் படிப்படியாகக் குறிக்கச் செய்யும் அளவுகோலும் அதன் வடிவங்கள். ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் பகுதியின் ஆலைகளில் இன்று நிரப்பப்படும் பணித்திருப்திப் படிவங்களுக்கு மூதாதை ஒன்றைத் தேடினால், சிகாகோவை அடுத்த ஹாத்தார்ன் தொலைபேசிக் கருவி ஆலையில் 1928-இல் தொடங்கிய நேர்காணல் திட்டத்தில் போய் நிற்க வேண்டும்.

அங்கு ஏறத்தாழ 21,000 தொழிலாளர்களிடம் பேசப்பட்டது. முன்கூட்டி வகுத்த கேள்விகளுக்கு விடை கூறுவதை விட்டுத் தம் மனத்தில் இருந்ததையே அவர்கள் திரும்பத் திரும்பப் பேசியதால், 1929-இல் கேள்விப் பட்டியல் கைவிடப்பட்டு, பேச்சைத் தொழிலாளரின் போக்கிலேயே விடும் முறை வந்தது. அரைமணி நேரத்தில் முடிந்த உரையாடல் ஒன்றரை மணி நேரம் வரை நீண்டது. ஆனால் 1931-இன் இறுதியில் 14 ஆண்கள் வேலை செய்த அறையொன்றில் ஆய்வாளர் ஒருவரை உட்கார வைத்தபோதுதான், அவர்கள் கணக்கில் காட்டிய அன்றாட உற்பத்தியும் உண்மையில் செய்து முடித்ததும் ஒன்றல்ல என்பது தெரிந்தது. அதிகம் செய்ததாகக் காட்டினால் கூலி விகிதம் குறைக்கப்படும் என்ற அச்சம் அவர்களிடம் இருந்தது. இதை வெறும் பொய் என்று தள்ளுவது எளிது, ஆனால் தவறு. கணக்கு யார் கைக்குப் போகும் என்பதை அறிந்தவர்களின் விடை அது.

சென்னை மாகாணத் தொழிலாளரின் குரல் வேறு வாயில்களில் பதிவாகியிருந்தது. பெரம்பூர் பஞ்சாலைத் தொழிலாளர்கள் 1918-இல் பி. பி. வாடியாவிடம் குறைகளைச் சொல்லிச் சங்கம் கண்டனர். தொழிலாளர் நிலையை ஆராய 1929-இல் அமைந்த விட்லி ஆணையம் வாய்மொழிச் சாட்சியம் திரட்டியது. சுதந்திரத்துக்குப் பின் அகமதாபாத்தின் பஞ்சாலை ஆய்வு நிறுவனத்தில் கமலா சௌத்ரி போன்றோர் ஆலை உளவியலைத் தனித்துறையாக வளர்த்தனர்.

இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி 1998-இலும், ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் கைபேசி உற்பத்தி 2006-இலும், ஒரகடத்தில் ரெனோ–நிஸான் ஆலை 2010-இலும் தொடங்கின. வெளியூர்களிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கும் இளம்பெண்களும், ‘டிரெய்னி’, ‘கான்ட்ராக்ட்’ என்ற நிலையற்ற பெயர்களில் பணியாற்றுவோரும் இங்கு ஏராளம். பணி நீட்டிப்பு மேலாளரின் கையில் இருக்க, பெயர் கேட்காத படிவத்திலும் ஷிப்டும் லைன் எண்ணும் கேட்கப்பட்டால், மனக்குறையைவிட எச்சரிக்கையே அதில் பதிவாகும். பிறர் ஏற்கும் விடையையே தரும் இப்போக்கை அளப்பதற்கென்றே 1960-இல் கிரௌனும் மார்லோவும் தனி அளவுகோல் செய்தனர். ஆனால் அது நல்லவராகத் தோன்றும் ஆசையை அளந்ததே ஒழிய, வேலை போகும் பயத்தை அளக்கவில்லை.

2021 டிசம்பரில், ஆப்பிளுக்குக் கைபேசி செய்து தரும் இப்பகுதி ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் தங்கியிருந்த விடுதியொன்றின் உணவால் 150-க்கும் மேற்பட்டோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட, சக தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தனர். சில விடுதிகளும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஏற்றவையல்ல என்று ஆப்பிள் அதன் பிறகே அறிவித்தது. தொழிலாளரை நேரில் கேட்பது அந்நிறுவனத்தின் வழங்குநர் தணிக்கையில் முன்பே இருந்த அங்கம். 2024-இல் இதே பகுதியின் சாம்சங் ஆலையில் நடந்த 37 நாள் வேலைநிறுத்தத்தில் ஊதியத்தோடு சங்க அங்கீகாரமும் கேட்கப்பட்டது. நிர்வாகம் ஒரு தொழிலாளர் குழுவுடன் உடன்பாடு கண்ட பின்னும் வேலைநிறுத்தம் நிற்கவில்லை. சங்கம் 2025 ஜனவரியில் பதிவு பெற்றது.