பாபிலோனிய வானியல் குறிப்புகளும் எருசலேமின் வீழ்ச்சியும்

சார்ஜாவின் முவைலாவில் இரும்புக்கால ஊர் ஒன்று அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. தூண்கள் நின்ற ஒரு கூடமும், தென் அரேபிய எழுத்துகள் பொறித்த பானை ஓடும் அங்கே கிடைத்தன. கி.மு. முதல் ஆயிரமாண்டில் அவ்வூர் தீக்கிரையானது. எந்த ஆண்டில்? அதைச் சொல்ல ஏடு இல்லை. கரித்துண்டுகளின் கார்பன்-14 அளவையே நம்ப வேண்டும். அந்த முறையோ கி.மு. 800-க்கும் 400-க்கும் இடைப்பட்ட ஆண்டுகளைத் தெளிவாகப் பிரித்துக் காட்டுவதில்லை.

அதே வளைகுடாவில் வந்து கலக்கும் யூப்ரடீஸ் நதிக்கரையில் நிலைமை வேறு. பாபிலோனியர் வானத்தை நாள்தோறும் கவனித்துக் களிமண் பலகைகளில் எழுதி வைத்தனர். பெர்லின் அருங்காட்சியகத்திலுள்ள 'வி.ஏ.டி. 4956' என்ற பலகை அவற்றுள் புகழ்பெற்றது. நம்மிடம் இருப்பது பிற்காலப் பிரதி. நேபுகாத்நேச்சாரின் 37-ஆம் ஆட்சியாண்டில் சந்திரனும் கோள்களும் எந்தெந்த விண்மீன்களின் அருகே நின்றன என்று அது கூறுகிறது. பின்னோக்கிக் கணக்கிட்டால் அவை கி.மு. 568-567-க்கு ஒருசேரப் பொருந்துகின்றன. சோழர் கல்வெட்டுகளின் திதி, நட்சத்திரம், கிழமை ஆகியவற்றைக் கொண்டு இராசராசன் அரியணை ஏறியது 985-இல் என்று கீல்ஹார்ன் கணித்ததும் இவ்வழியில்தான்.

37-ஆம் ஆண்டு உறுதியானால் 7-ஆம் ஆண்டு கி.மு. 598-597 ஆகிறது. அவ்வாண்டு ஆதார் மாதம் 2-ஆம் நாள் யூதாவின் நகரைப் பிடித்ததாக, 1956-இல் வைஸ்மன் வெளியிட்ட பாபிலோனிய வரலாற்றுப் பலகை சொல்கிறது. நம் கணக்கில் அது கி.மு. 597 மார்ச் 16. யோயாக்கீன் அரசன் சிறைபிடிக்கப்பட்ட நிகழ்ச்சி இதுவே. எரேமியா நூல் இதை 7-ஆம் ஆண்டு என்றும், இராஜாக்கள் இரண்டாம் நூல் 8-ஆம் ஆண்டு என்றும் குறிக்கின்றன. அரசன் பட்டமேறிய ஆண்டையும் சேர்த்து எண்ணுவதா என்பதில் எழுந்த வேறுபாடு இது என்பர்.

ஆனால் ஆலயம் எரிக்கப்பட்டது கி.மு. 587-இலா, 586-இலா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கிடைத்துள்ள வரலாற்றுப் பலகை கி.மு. 594-ஓடு முறிந்துவிடுகிறது. வானம் அரசனின் ஆண்டைத்தான் உறுதி செய்யும். அவ்வாண்டில் என்ன நடந்தது என்பதை ஒரு மனிதன் எழுதியிருக்க வேண்டும். முவைலாவின் தீக்கு அப்படி எழுதியவர் எவருமில்லை.