கதவில் ஒரு பெயர்

சனிக்கிழமை வந்துவிட்டால் சுவீடன் நாட்டுக் குழந்தைகளுக்குக் கொண்டாட்டம்தான். கடையில் வரிசையாக அடுக்கிய பெட்டிகளிலிருந்து பிடித்த மிட்டாய்களைக் கரண்டியால் அள்ளிப் பையில் போட்டு, எடை பார்த்து வாங்குவார்கள். அதற்கு அங்கே ‘சனிக்கிழமை மிட்டாய்’ என்றே பெயர். தினமும் கொறித்தால் பல் சொத்தையாகும், வாரத்தில் ஒரு நாள் ஆசை தீரச் சாப்பிடட்டும் என்று 1950-களில் பரவிய அறிவுரை நாளடைவில் நாட்டு வழக்கமாகவே ஆகிவிட்டது. அந்த அறிவுரை யாருடைய பற்களைக் கொண்டு கண்டறியப்பட்டது என்பது வேறு கதை.

தென் சுவீடனின் லுண்ட் நகரத்தில் விப்பேஹோல்ம் என்றொரு காப்பகம் 1935-இல் திறக்கப்பட்டது. அறிவுசார் குறைபாடு கடுமையாக உள்ளவர்கள், எதையும் கற்பிக்க முடியாதவர்கள் என்று அரசு முத்திரை குத்திய ஏறத்தாழ ஆயிரம் பேர் அங்கே இருந்தார்கள். பல் சொத்தைக்குக் காரணம் தேடும் ஆராய்ச்சி 1945-இல் அங்கு தொடங்கியது. சில ஆண்டுகளில் அது சர்க்கரையின் பக்கம் திரும்பியது. இருந்தவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு இனிப்பு ரொட்டி, ஒன்றுக்கு சாக்லேட், இன்னொன்றுக்கு நாளொன்றுக்கு 24 டாஃபி. பல்லில் விடாமல் ஒட்டிக்கொள்ள வேண்டும் என்றே அந்த டாஃபியைத் தனியாகத் தயாரித்திருந்தார்கள். ஆராய்ச்சிக்குப் பணம் தந்தவர்களில் மிட்டாய்த் தொழில்துறையும் உண்டு. 1954-இல் முடிவுகள் வெளியாயின. எவ்வளவு சர்க்கரை தின்கிறோம் என்பதைவிட எத்தனை முறை தின்கிறோம், அது எவ்வளவு நேரம் பல்லில் ஒட்டி நிற்கிறது என்பதே சொத்தையைத் தீர்மானிக்கிறது என்று தெரிந்தது. பல் மருத்துவம் படிப்பவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். பல்லை இழந்தவர்களிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை.

இந்த ஆராய்ச்சியை ஏன் ஒரு காப்பகத்தில் நடத்தினார்கள்? ஏனென்றால் வேறெங்கும் அதை நடத்தியிருக்க முடியாது. ஆயிரம் பேருக்கு ஒரே சமையலறை, ஒரே சாப்பாட்டு நேரம். யாரும் கடைக்குப் போக மாட்டார்கள், யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. தன் வாய்க்குள் என்ன போகிறது என்பதைக்கூடத் தானே முடிவு செய்ய முடியாத இடத்தில்தான் இப்படியொரு ஆய்வு பிசகாமல் நடக்கும். ஆராய்ச்சியாளர்களுக்கு வசதியாக இருந்த ஒவ்வொன்றும் அங்கிருந்தவர்களுக்கு இல்லாமல் போன ஒன்று.

இத்தனைக்கும் சுவீடன் அப்போது தன்னை ஒரு வீடாகக் கற்பனை செய்துகொண்டிருந்த நாடு. 1928-இல் நாடாளுமன்றத்தில் பேசிய பெர் ஆல்பின் ஹான்சன், நாடு என்பது மக்களின் இல்லமாக இருக்க வேண்டும், நல்ல இல்லத்தில் செல்லப்பிள்ளையும் இல்லை, மாற்றாந்தாய்ப் பிள்ளையும் இல்லை என்ற கருத்தை முன்வைத்தார். நான்கு ஆண்டுகளில் அவரே பிரதமரானார். உயர்த்தப்பட்ட முதியோர் ஓய்வூதியம், குழந்தைகளுக்கான உதவித்தொகை என்று உலகம் வியந்து பார்த்த நலத்திட்டங்கள் அந்தப் பேச்சின் வழியில் வந்தவை. ஆனால் அதே காலத்தில்தான், 1934-இல், கருத்தடைச் சட்டமும் வந்தது. அது 1975 வரை நீடித்தது. அதன்கீழ் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு அறுவை சிகிச்சை நடந்தது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். காப்பகத்தை விட்டு வெளியே போக வேண்டுமானால் கையெழுத்துப் போடு என்று வற்புறுத்தப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. உயிரோடு இருந்தவர்களுக்கு ஆளுக்கு 1,75,000 குரோனர் இழப்பீடு தர 1999-இல் நாடாளுமன்றம் முடிவு செய்தது. மக்களின் இல்லத்தில் மாற்றாந்தாய்ப் பிள்ளைகள் இருக்கத்தான் செய்தார்கள். ஊருக்கு வெளியே, பெரிய மதிலுக்குள் இருந்ததால் கண்ணில் படவில்லை.

அந்த மதிலில் முதல் கல்லைப் பெயர்த்தவர்கள் பெற்றோர்கள். டென்மார்க்கில் 1952-இல் பெற்றோர் சங்கம் உருவானது. சுவீடனில் ஆங்காங்கே தோன்றிய சங்கங்கள் 1956-இல் ஒன்றுசேர்ந்து தேசிய அமைப்பாயின. எங்களுக்குப் பிறகு இவனை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதுதான் அவர்களுடைய கேள்வி. தமிழ்நாட்டில் இப்படியொரு பிள்ளை இருக்கும் எந்த வீட்டுக்குப் போனாலும் இரண்டாவது தம்ளர் காப்பிக்கு முன் இந்தக் கேள்வி வந்துவிடும்.

டென்மார்க்கில் அந்தப் பெற்றோர்களின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்ட அதிகாரி நீல்ஸ் எரிக் பேங்க்-மிக்கெல்சன். நாஜிகள் டென்மார்க்கை ஆக்கிரமித்திருந்தபோது எதிர்ப்பு இயக்கத்தில் இருந்து முகாமில் அடைபட்டவர். முள்வேலிக்குள் இருந்துவிட்டு வந்தவருக்குக் காப்பகங்களின் நீண்ட கூடங்களும் வரிசைக் கட்டில்களும் எதை நினைவூட்டின என்பதை அவர் பிற்காலத்தில் மறைக்கவில்லை. 1959-இல் வந்த டேனிஷ் சட்டத்தின் முகவுரையில் அவருடைய எண்ணம் இடம்பெற்றது: அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் இயல்பான வாழ்க்கைக்கு இயன்றவரை நெருக்கமான வாழ்க்கை கிடைக்க வேண்டும். 1967-இல் கலிபோர்னியாவின் சொனோமா மருத்துவமனையைப் பார்த்தபோது, எங்கள் நாட்டில் மாடுகளைக்கூட இப்படி வைத்திருக்க மாட்டோம் என்று அவர் சொன்னது அமெரிக்காவில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

சட்டத்தின் ஒற்றை வரியை ஒரு நாளின் நடப்பாக விரித்துக் காட்டியவர் சுவீடன்காரரான பெங்ட் நீர்யே. 1956-இல் ஹங்கேரியிலிருந்து தப்பி ஆஸ்திரியாவுக்கு வந்த அகதிகளின் முகாம்களில் செஞ்சிலுவைச் சங்கத்துக்காக வேலை பார்த்தவர். பெரிய கூடத்தில், தனிமையே இல்லாமல், அடுத்த வேளைச் சோற்றுக்கும் பிறர் கையை எதிர்பார்த்து இருப்பது ஒரு மனிதரை என்ன செய்யும் என்று அவருக்கு அங்கே தெரிந்தது. 1961-இல் சுவீடனின் பெற்றோர் அமைப்புக்கு வேலைக்கு வந்தார். காப்பகங்களுக்குள் போய்ப் பார்த்தபோது முகாமில் கண்டதையே மறுபடி கண்டார்.

1969-இல் அமெரிக்க அதிபர் அமைத்த குழுவின் தொகுப்பு ஒன்றில் அவருடைய கட்டுரை வெளியானது. அதில் தத்துவம் குறைவு, கடிகாரம் அதிகம். எவ்வளவு கடுமையான குறைபாடு இருந்தாலும் காலையில் எழுந்து உடை மாற்றிக்கொள்வது நாளின் தாளம். பணியாளர் போதவில்லை என்பதற்காக, வளர்ந்தவர்களைத் தம்பி தங்கைகளுக்கு முன்பே படுக்கைக்கு அனுப்பக் கூடாது. வாழ்வது ஓரிடம், வேலை வேறிடம், பொழுதுபோக்கு இன்னோரிடம் என்பது வாரத்தின் தாளம். விடுமுறையும் பண்டிகையும் வருடத்தின் தாளம். ஆணும் பெண்ணும் கலந்து பழகும் உலகம் வேண்டும், கையில் செலவுக்குக் கொஞ்சம் காசு வேண்டும். இவற்றோடு கட்டடம் கட்டுபவர்களுக்கும் ஒன்று சொன்னார். சுற்றியுள்ள தெரு தன்னோடு சேர்த்துக்கொள்ளக்கூடிய அளவுக்கு மேல் ஆட்களை ஒரே இடத்தில் வைக்காதீர்கள்.

இந்தக் கடைசி யோசனைதான் பின்னாளில் வந்த சிறு இல்லங்களுக்கு விதை. நூறு பேர் ஒரு தெருவுக்கு வந்தால் அது நிறுவனம். நான்கு பேர் வந்தால் அக்கம்பக்கம்.

ஆனால் இதுவரை பேசியவர்கள் எல்லாரும் பெற்றோர், அதிகாரி, மருத்துவர். சம்பந்தப்பட்டவர்களே பேசட்டும் என்று 1970-இல் மால்மோ நகரத்தில் ஒரு மாநாடு கூடியது. சுவீடன் எங்குமிருந்து ஐம்பது பேர் அளவில் பிரதிநிதிகள், எல்லாரும் அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்கள். டென்மார்க்கிலிருந்தும் சிலர் வந்திருந்தார்கள். மேடையில் நிபுணர்கள் இல்லை. அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளைப் படித்தால் மனது கனத்துப்போகும், அவ்வளவு சின்னவை. பழம் வாங்கவும் செய்தித்தாள் வாங்கவும் அனுமதி கேட்கும்படி வைக்காதீர்கள். இத்தனை மணிக்குள் திரும்ப வேண்டும் என்று கெடு வைக்காதீர்கள். அறையில் எங்களுடைய மேசை நாற்காலி இருக்கட்டும். எங்களைப் பொத்திப் பொத்தி வளர்க்காமல் சமைக்கவும் வரவு செலவு பார்க்கவும் கற்றுக்கொடுங்கள். தனி வீட்டில் இருந்துகொள்கிறோம். வாழ்க்கைத் தரம் என்ற சொல்லைப் பற்றிப் பிற்பாடு அறிஞர்கள் பக்கம் பக்கமாக எழுதினார்கள். அதன் சாரம் முழுக்க அந்த இளைஞர்கள் கேட்ட பழத்திலும் செய்தித்தாளிலும் இருக்கிறது.

மாற்றம் ஒரே நாளில் வரவில்லை. கார்ல் க்ரூனெவால்ட் என்ற மருத்துவர் அரசு வாரியத்தில் ஆய்வாளர் பொறுப்பில் இருந்துகொண்டு பத்தாண்டுக் கணக்கில் அமைச்சர்களையும் மாவட்ட நிர்வாகங்களையும் விடாமல் நெருக்கினார். 1968-இல் நடைமுறைக்கு வந்த சட்டம் எல்லாக் குழந்தைகளுக்கும் கல்வி உரிமையைக் கொடுத்தது. 1994-இல் வந்த சட்டம் குறைபாடுள்ள பெரியவர்களுக்கு உதவியோடு கூடிய வீட்டை உரிமையாக்கியது. பழைய காப்பகங்களை 1999 டிசம்பர் 31-க்குள் மூடிவிட வேண்டும் என்று இன்னொரு சட்டம் நாள் குறித்தது. அண்டை நாடான நார்வே இதில் வேகமாக நடந்தது. 1991-இல் தொடங்கிய சீர்திருத்தத்தில் நான்கைந்து ஆண்டுகளில் காப்பகங்கள் மூடப்பட்டன. மூடுவதற்கு முன் எதிர்த்தவர்களில் குடும்பத்தினரே பலர். அவர்களுடைய பயம் புரியாததல்ல. நல்லதோ கெட்டதோ, காப்பகம் அங்கேயே நிற்கும். சின்ன வீட்டை நாளைக்கு எவனாவது பூட்டிவிட்டால்? குடியேறி ஓரிரு ஆண்டு கழித்து அதே குடும்பங்களிடம் கேட்டபோது, பெரும்பாலானவர்கள் பழைய இடத்துக்குத் திருப்பி அனுப்ப விரும்பவில்லை.

சின்னதாக இருந்தால் போதுமா என்ற கேள்விக்கு அந்த நாடுகளின் அனுபவம் நேர்மையான பதில் தருகிறது. நார்வேயில் யான் தொஸ்ஸெப்ரோ என்ற சமூகவியலாளர் இல்லத்தின் அளவையும் அங்கே இருப்பவர்களின் சுயமுடிவையும் ஒப்பிட்டு 1995-இல் எழுதினார். ஐந்து பேருக்குள் இருக்கும் மிகச் சிறிய வீடுகளில்தான் வித்தியாசம் தெளிவாகத் தெரிந்தது. அதற்கு மேலே போய்விட்டால் பெரியதற்கும் இன்னும் பெரியதற்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடு இல்லை. சிறிய வீடுகளிலும் தனிமை தீர்ந்துவிடவில்லை; பக்கத்து வீட்டுக்காரர் கையசைப்பார், உள்ளே வந்து உட்கார மாட்டார்.

இங்கிலாந்தில் ஜிம் மான்செல் போன்ற ஆய்வாளர்கள் இன்னொரு குறையைக் கண்டார்கள். பணியாளர்களே சமைத்து, துவைத்து, பெருக்கி, எல்லாவற்றையும் செய்து முடிக்க, குடியிருப்பவர்கள் சோபாவில் சும்மா உட்கார்ந்திருப்பார்கள். ‘ஹோட்டல் முறை’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். 1980-களில் ஹாம்ப்ஷயரின் ஆண்டோவர் நகரத்துச் சிறு இல்லங்களில் இதற்கு மாற்று உருவானது. காப்பி கலப்பதை எடுத்துக்கொள்ளலாம். கப்பை எடுப்பது, தூள் போடுவது, கெட்டிலின் பொத்தானை அழுத்துவது, ஊற்றுவது, கலக்குவது என்று அதில் ஐந்தாறு அசைவுகள். ஒருவருக்குப் பொத்தானை அழுத்த மட்டும் முடியுமென்றால் அதை அவரே செய்ய வேண்டும். ஊற்றும்போது கை நடுங்கினால் பணியாளரின் உள்ளங்கை அவருடைய கைக்கு அடியில் போகும், கப்பைப் பிடுங்காது. மேசையில் கொஞ்சம் சிந்தும். பணியாளர் தனியாகச் செய்தால் இரண்டு நிமிட வேலை, இப்படிச் செய்தால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரம் வீணென்று நினைக்கும் நிர்வாகத்தில் வீடு எத்தனை சிறியதாக இருந்தாலும் மெல்ல மெல்லக் காப்பகமாகிவிடும்.

இந்த எண்ணங்களே 2006-இல் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவாயின. எங்கே, யாரோடு வாழ்வது என்பதை அவரவரே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது அது. 2007-இல் இந்தியா அதை ஏற்றது. 2016-இல் வந்த சட்டத்தில் சமூகத்தோடு வாழும் உரிமை இடம்பெற்றது. சென்னையில் 1993-இல் தொடங்கிய பான்யன் அமைப்பு, மனநலச் சிகிச்சைக்குப் பின் போக வீடில்லாமல் ஆண்டுக்கணக்கில் தங்கிவிட்டவர்களுக்காக ‘ஹோம் அகெய்ன்’ திட்டத்தை 2015-இல் தொடங்கியது. சாதாரணத் தெருவில் வாடகை வீடு, நான்கைந்து பேர், உதவிக்கு ஆள். அவர்களுடைய சிக்கல் மனநோய். சுவீடன் கதையில் வருபவர்களுடையது அறிவுசார் குறைபாடு. இரண்டும் வேறுவேறு என்றாலும் அளவைப் பற்றிய கணக்கு ஒன்றாகவே இருக்கிறது.

சுவீடனில் இன்று இப்படிப்பட்ட இல்லம் ஒன்றில் பொதுவாக மூன்று முதல் ஐந்து பேர் இருப்பார்கள். ஆளுக்கொரு சிறிய ஃபிளாட். அதில் ஓர் அறை, குளியலறை, சின்னச் சமையல் மேடை. வெளியே எல்லாருக்கும் பொதுவாக ஒரு கூடம், பெரிய சமையலறை. வாடகை ஒப்பந்தம் அவரவர் பெயரில். சட்டப்படி அது அவருடைய வீடு, பணியாளருக்கு அது வேலைக்கு வரும் இடம். ஆள் பற்றாக்குறையைச் சொல்லி இரவு ஒன்பது மணிக்கே எல்லாரையும் படுக்க வைக்கும் பழக்கம் சில இடங்களில் திரும்ப எட்டிப் பார்க்கிறது. பெற்றோர் சங்கம் இன்றும் அதோடு சண்டை போட்டுக்கொண்டிருக்கிறது. ஆனாலும் கதவில் குடியிருப்பவரின் பெயர் இருக்கிறது, பக்கத்தில் அழைப்பு மணியும் இருக்கிறது. மாத்திரையோடு வரும் பணியாளர் மணியை அடித்துவிட்டு வெளியே நிற்க வேண்டும். உள்ளே இருப்பவர் ஊன்றுகோலைத் தேடி எழுந்து வர நேரமாகும்.