வண்டிக்கு நாடி பார்த்தவர்கள்

மனிதனுக்கு வியாதி வந்தால் வாய் திறந்து சொல்லுவான். மாடு தீனி எடுக்காமல் நின்று காட்டும். மோட்டார் வண்டிக்குத் தெரிந்த பாஷை மூன்றே மூன்றுதான்: சத்தம் போடும், புகை விடும், நடுவழியில் நின்றுவிடும். இந்தப் பாஷையைப் பிழையறப் படித்த ஒரு பெரியவரைக் கீரப்பாளையத்தில் சந்தித்தேன். அவரால்தான் இந்தக் கட்டுரை எழுத நேர்ந்தது.

சில வருஷங்களுக்கு முன் சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்கு வீடு மாற்றிக்கொண்டு போனேன். என் பீரோவையும் கட்டிலையும் புத்தக மூட்டைகளையும் ஏற்றி வந்தது, இருபது வயது தாண்டிய ஒரு டீசல் பிக்கப் வண்டி. வண்டிக்காரனுக்கு முப்பது வயது இருக்கும். அறுவடையில் நெல் மூட்டை, மற்ற நாட்களில் காய்கறி, நடுவில் என்னைப் போன்றவர்களின் தட்டுமுட்டுச் சாமான். இதுதான் அவன் ஜீவனம்.

ஊர் எல்லை தாண்டியதும் வண்டி இழுக்க மறுத்தது. பின்னால் திரும்பிப் பார்த்தால் கரும்புகை. கிளம்பும்போதெல்லாம் அடியில் 'டக்' என்று ஒரு சத்தம் வேறு.

"ஒரு மாசமா இப்படித்தான் சார்" என்றான். "டவுன்ல ஒரு பட்டறையில காட்டினேன். எஞ்சினையும் கியர் பெட்டியையும் எறக்கணும்னு சொல்லிட்டாங்க. அவங்க சொன்ன தொகைக்கு இந்த வண்டியையே வித்தாலும் காணாது. வீட்டுல ஒரு சங்கிலி இருக்கு..."

வாக்கியத்தை அவன் முடிக்கவில்லை. முடிக்க வேண்டிய அவசியமும் இல்லை.

கீரப்பாளையத்தில் சாலையோரம் ஒரு தகரக் கொட்டகை. அங்கிருந்த பெரியவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. கேள்விதான் கேட்டார்.

"புகை நின்னா வருதா, இழுத்தா வருதா?"

"இழுத்தாத்தான் அண்ணே."

"கடைசியா எங்கே லோடு அடிச்சே?"

"ஒரு மாசமா களத்துமேட்டுலதான், நெல்லு."

பெரியவர் காற்று வடிகட்டியைத் திறந்தார். உள்ளே நெல் தூசி அடை தட்டினாற்போல அப்பிக் கிடந்தது. அதை எடுத்து வைத்துவிட்டு ஒரு நிமிஷம் எஞ்சினை ஓட்டச் சொன்னார். ஏறி மிதித்தும் புகை காணோம். மூச்சு விட முடியாதவன் இருமினான், அவ்வளவுதான் விஷயம்.

பிறகு வண்டிக்கு அடியில் நுழைந்தார். கியர் பெட்டியிலிருந்து பின் சக்கரங்களுக்குப் போகும் நீண்ட ஷாப்டை இரண்டு கைகளாலும் பிடித்து அப்படியும் இப்படியும் திருகினார். அதே 'டக்'. ஷாப்டின் முனையில் சிலுவை வடிவத்தில் ஓர் இணைப்பு உண்டு. பட்டறைகளில் 'கிராஸ்' என்பார்கள். அதன் விளிம்பில் கிரீஸ் காய்ந்து, செந்நிறத் துருப் பொடி படிந்திருந்தது. "இதுக்குப் போயி கியர் பெட்டியை எறக்குவாங்களா?" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார்.

"இதெல்லாம் எங்கே கற்றுக்கொண்டீர்கள்?" என்று கேட்டேன்.

"எங்க மேஸ்திரிகிட்ட. அவரு அந்தக் காலத்து யுத்த லாரி பார்த்தவரு சார்."

அந்த ஒரு பதிலுக்குள் நம் நாட்டு மோட்டார் வைத்தியத்தின் சரித்திரமே அடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் மோட்டார் வித்தை குதிரை வண்டிப் பட்டறையிலிருந்து பிறந்தது. சென்னையில் சாரட்டுகள் கட்டிவந்த சிம்ப்ஸன் கம்பெனியில், 1903-ஆம் வருஷம் சாமுவேல் ஜான் கிரீன் என்பவர் நீராவியால் ஓடும் கார் ஒன்றை உருவாக்கினார். அதன்பின் பஸ்கள் வந்தன. 1911-இல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தம் ஸ்தாபனத்தைத் தொடங்கினார், 1920-இல் ஜி.டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் விட்டார். சொந்தக் கார் நின்றால் ஒரு பிரபுவுக்குத்தான் கஷ்டம். பஸ் நின்றால் நாற்பது ஜனங்களுக்குக் கஷ்டம், முதலாளிக்கு நஷ்டம். ஆகவே ரிப்பேர் வித்தை பட்டணத்தை விட்டுச் சாலைக்கு வந்தது.

இரண்டாவது உலக யுத்தத்தில் பெட்ரோல் பங்கீட்டுக்குப் போயிற்று. அப்போது பஸ்களின் முதுகில் கரி அடுப்பு ஏறிற்று. டி.வி.எஸ். ஸ்தாபனமே அப்படி ஒரு கரிவாயு சாதனம் தயாரித்தது. அடுப்புக் கரியைப் போதிய காற்றில்லாமல் எரித்தால் கார்பன் மோனாக்சைடு என்னும் எரிவாயு கிடைக்கும். அதை வடிகட்டி எஞ்சினுக்குக் கொடுத்து ஓட்டினார்கள். பெட்ரோலில் இருந்த பலத்தில் மூன்றில் ஒரு பங்கோ, அதற்கு மேலோ குறைந்து போகும். சாம்பலும் தாரும் வடிகட்டியை அடைக்கும். மேட்டில் பஸ் மூச்சு வாங்கினால், எஞ்சினைச் சந்தேகிக்குமுன் கரி ஈரமா, வடிகட்டி அடைத்திருக்கிறதா என்று பார்க்கும் வழக்கம் அப்போது டிரைவர்களின் ரத்தத்தில் ஊறிவிட்டது. கீரப்பாளையத்துப் பெரியவர் முதலில் வடிகட்டியைத் திறந்தது தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

1945-இல் யுத்தம் முடிந்தது. ராணுவம் கழித்துவிட்ட லாரிகளும் ஜீப்புகளும் ஏலத்துக்கு வந்தன. போர்டு, செவர்லே, டாட்ஜ் என்று பெயர்கள் பெரியவை. ஆனால் உதிரிச் சாமான் கடலுக்கு அப்பால் இருந்தது. டாலருக்குத் தட்டுப்பாடு, இறக்குமதிக்கு லைசென்ஸ். சந்தேகத்துக்கு ஒரு சாமானை மாற்றிப் பார்க்கும் சௌகரியம் அந்தக் கால மேஸ்திரிக்குக் கிடையாது. கோளாறு இன்னதென்று நிச்சயமாகத் தெரியாமல் கழற்றினால் வண்டி மாதக்கணக்கில் மரத்தடியில் நிற்கும். ஏழ்மைதான் அவருக்கு ஆசானாக அமைந்தது.

அந்த ஏழ்மை கற்பித்த பரீட்சைகள் சிலவற்றைப் பெரியவர் சொல்லக் கேட்டேன். நாலு சிலிண்டரில் எது வேலை செய்யவில்லை? டீசல் எஞ்சினில் எண்ணெய்க் குழாயின் நட்டை ஒவ்வொன்றாகத் தளர்த்த வேண்டும். எதைத் தளர்த்தும்போது சத்தம் மாறவில்லையோ அதுதான் சோம்பேறி. பெட்ரோல் எஞ்சினில் அழுத்தம் குறைந்தால் சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அழுத்தம் ஏறினால் பிஸ்டன் வளையம் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வைப் பார். நீலப் புகை என்றால் எஞ்சின் எண்ணெய் எரிகிறது. வண்டி நிற்கும்போது கேட்கும் கரகரப்பு, கிளட்சை அமுக்கினதும் மறைந்தால் கியர் பெட்டி பேரிங். அமுக்கும்போது மட்டும் கேட்டால் கிளட்ச் பேரிங். நியூட்ரலில் உருளும்போதும் விடாமல் ஊளையிட்டால் குற்றம் பின்னச்சிலோ சக்கரத்திலோ இருக்கிறது.

உள்ளே தட்டும் சத்தத்துக்கு ஒரு நீண்ட ஸ்குரூ டிரைவரின் முனையை எஞ்சினிலும் பிடியைக் காதிலும் வைத்துக் கேட்பார்கள். 1816-இல் பாரிஸ் நகரத்து டாக்டர் லென்னெக் காகிதத்தைச் சுருட்டி ஒரு நோயாளியின் மார்பில் வைத்துக் கேட்டாரே, ஏறக்குறைய அதே யுக்திதான்.

இன்றைய புது வண்டிகளில் கம்ப்யூட்டரே கோளாற்றைக் குறித்து வைக்கிறது. அமெரிக்காவில் 1996 முதல் புதுக் கார்கள் எல்லாவற்றிலும் இதற்கு ஒரே மாதிரியான ஏற்பாடு கட்டாயமாயிற்று. பின்னர் இந்தியாவுக்கும் வந்துவிட்டது. நல்ல காரியந்தான். ஆயினும் கம்பி போகாத இடத்துச் செய்தி கம்ப்யூட்டருக்கு எட்டாது. காய்ந்துபோன கிராஸுக்குக் கம்பி ஏது?

அந்த டவுன் பட்டறையை நான் கொஞ்சம் காரமாகவே ஏசினேன். பெரியவர் ஒப்பவில்லை.

"அவங்களைக் குத்தம் சொல்லாதீங்க சார். நாளைக்கு நாலு வண்டி எறக்கினாத்தான் கொட்டகை வாடகை கட்டலாம். ஒக்காந்து கேக்க நேரம் எங்கே?"

சிதம்பரத்திலிருந்து கிராஸ் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரை வடிகட்டியை ஊதித் தட்டிச் சுத்தம் செய்தார். வேலை முடிந்ததும் கிராஸின் விலையையும், மாட்டிய கூலியையும் கணக்குச் சொன்னார்.

"கண்டுபிடித்ததற்கு?" என்றேன்.

"அதுக்கு யாரு சார் காசு தருவா?" என்று சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என்னை என்னவோ செய்தது. கழற்றுவதற்குக் கூலி உண்டு. கழற்ற வேண்டாம் என்று சொல்வதற்கு இல்லை. யுத்த காலத்து மேஸ்திரிக்குக் கழற்றாமல் இருப்பதே லாபமாக இருந்தது. சாமான் கடையில் குவிந்த பிறகு கணக்கு தலைகீழாயிற்று. வித்தை மறைகிறதென்றால் காரணம் இதுதான். கம்ப்யூட்டர்மேல் பழி போட வேண்டாம். நானாக ஒரு தொகையைக் கூடக் கொடுத்தேன். வெகு நேரம் மறுத்துவிட்டு வாங்கிக்கொண்டார்.

வெள்ளாற்றுப் பாலம் ஏறும்போது வண்டிக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டான். 'டக்' இல்லை. புகையும் இல்லை. பாலம் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தி, மனைவியைப் போனில் கூப்பிட்டான்.

"சங்கிலியை உள்ளாறவே வை" என்றான். வேறொன்றும் சொல்லவில்லை.