அச்சாரம் முதல் போலிக் காசோலை வரை: கடல் கடந்து வரும் வாங்குபவர்களும் கடலூரும்

கடலூர் தேவனாம்பட்டினம் பக்கம் "குண்டு கிராமம்" என்று ஒரு பழைய பெயர் உண்டு. பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களில் சிலரும் ஏதோ போர் நடந்த இடம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே நடந்தது போர் இல்லை, ஒரு கிரயம்!

1690ஆம் ஆண்டு. செஞ்சியில் மராட்டியர்கள். பணத் தேவை. தேவனாம்பட்டினத்தில் வணிகர் ஒருவர் முன்பு கட்டிய சிறிய கோட்டை ஒன்று இருந்தது. அதை ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விற்றார்கள். அப்போது சென்னையில் கம்பெனியின் தலைவர் எலிஹு யேல் (அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்தவர் இவர்தான்). கோட்டையோடு, அதைச் சுற்றி ஒரு பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம் வரைக்குமான நிலமும் சேர்த்தி என்று ஒப்பந்தம்.

எந்த பீரங்கி? எவ்வளவு மருந்து? யார் சுடுவது? ஒப்பந்தத்தில் அது எதுவும் இல்லை. கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? வெகுதூரம் போகக்கூடிய பீரங்கியை வைத்து, கைதேர்ந்த ஆளைக் கொண்டு நாலா பக்கமும் சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் இருந்த கிராமங்கள் எல்லாம் கம்பெனிக்கு. கடலூர் ஊரும் அதில் அடக்கம். அந்தக் கிராமங்களுக்குத்தான் குண்டு கிராமம் என்று பெயர் வந்தது. கோட்டைக்குப் பெயர் புனித டேவிட் கோட்டை. 1746ல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனபோது இதுதான் ஆங்கிலேயருக்குத் தலைமையிடம் ஆனது.

வெளிநாட்டு வாங்குபவரிடம் எழுத்தில் தெளிவில்லாமல் விற்றால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் மாவட்டத்தில் கிடைக்காது. இன்று சொந்தமாக ஓவியம் வரைந்து, சிற்பம் செய்து இணையத்தில் விற்கிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான். ஆளைப் பார்த்ததில்லை, ஊரைப் பார்த்ததில்லை, கடிதம் மட்டும் வருகிறது. நம்பலாமா, கூடாதா?

பழைய காலத்தில் யார் முதலில் கொடுத்தார்கள்?

வாணிபத்தில் எப்போதும் ஒரே கேள்விதான். சரக்கு முதலில் போவதா, பணம் முதலில் வருவதா? இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் ஏமாற்று குடியிருக்கிறது.

17ஆம் நூற்றாண்டில் கடலூரிலும் பரங்கிப்பேட்டையிலும் இருந்து (சிதம்பரத்துக்குப் பக்கத்துத் துறைமுகம், ஐரோப்பியர் வாயில் "போர்ட்டோ நோவோ") துணி கப்பல் கப்பலாகப் போனது. டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் போட்டி போட்டு வாங்கினார்கள். லண்டனிலிருந்து ஒரு கடிதம் வந்து, அதற்கு இங்கிருந்து பதில் போய்ச் சேர ஒரு வருடத்துக்கு மேல் ஆகும். அப்படிப்பட்ட தூரத்தில் நம்பிக்கை எப்படி வந்தது?

இரண்டு ஏற்பாடுகள். ஒன்று மாதிரி. என்ன நீளம், என்ன அகலம், என்ன நெருக்கம், என்ன சாயம் என்று ஒரு மாதிரித் துணி வைத்திருப்பார்கள். வந்த சரக்கை அதோடு ஒப்பிட்டுப் பார்த்து எடுப்பார்கள், இல்லாவிட்டால் தள்ளுவார்கள். இரண்டாவது அச்சாரம். கம்பெனி உள்ளூர் வணிகர்களுக்கு முன்பணம் கொடுக்கும், அவர்கள் நெசவாளருக்குக் கொடுப்பார்கள். அந்தப் பணத்தில்தான் நூல் வாங்குவதும், தறி ஓடுகிற காலத்தில் வீட்டில் அடுப்பு எரிவதும்.

கவனியுங்கள். இங்கே ஆபத்தை முதலில் சுமந்தது வாங்குபவர். நெசவாளர் கையில் காசு வந்த பிறகுதான் தறி அசைந்தது. அதுமட்டுமல்ல, வேறு ஒருவர் நல்ல விலை கொடுத்தால் வாங்கிய அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகும் வழக்கமும் தென்னிந்திய நெசவாளருக்கு இருந்தது. வாங்குபவர்கள் பலர் இருந்த வரைக்கும் இது நடந்தது. 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கம்பெனியிடம் ஆட்சி அதிகாரமே வந்துவிட்டது. தன் ஆட்களை நேராக நெசவாளரிடம் அனுப்பியது, வேறு யாருக்கும் நெய்யக்கூடாது என்றது, அச்சாரத்தைத் திருப்பிக் கொடுத்து விலகும் வழியையும் அடைத்தது. அதே அச்சாரம் அப்போது கால்விலங்கு ஆனது.

ஆக, பணம் முதலில் வருவது மட்டும் போதாது. வேண்டாம் என்று திருப்பிக் கொடுக்கும் உரிமையும் விற்பவரிடம் இருக்க வேண்டும்.

நடுவில் ஒரு வங்கி

பிறகு இந்த இடைவெளியை அடைக்க மாற்றுச்சீட்டு, உண்டியல் எல்லாம் புழங்கின. நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் உண்டியல் பர்மா, இலங்கை, மலேயா வரைக்கும் செல்லுபடியானது. அதன் பலம் காகிதத்தில் இல்லை, அதன் பின்னால் இருந்த பெயரில் இருந்தது.

வணிகவியல் மாணவர்கள் படிக்கும் கடன் உறுதிக் கடிதம், அதாவது லெட்டர் ஆஃப் கிரெடிட், இதே வேலையைச் செய்வதுதான். வாங்குபவரின் வங்கி, "சரக்கு அனுப்பியதற்கான ஆவணங்களைக் காட்டினால் நான் பணம் தருகிறேன்" என்று விற்பவருக்கு வாக்குக் கொடுக்கிறது. இதற்கான பொது விதிகளைச் சர்வதேச வணிகச் சபை 1933ல் முதன்முதலில் வெளியிட்டது. இப்போது நடப்பில் இருப்பது 2007 ஜூலை 1 முதல் அமலான 600ஆம் எண் விதித்தொகுப்பு. இந்திய ஏற்றுமதியாளருக்குப் பணம் வராமல் போனால் ஈடு கொடுக்க 1957லேயே மத்திய அரசு ஒரு காப்பீட்டு நிறுவனமும் தொடங்கியது.

ஆனால் ஒரே ஒரு ஓவியம் விற்பவர் இதற்கெல்லாம் செலவு செய்ய முடியுமா? முடியாது. பெரிய ஏற்றுமதியாளருக்கு இருக்கும் கவசம் சின்னக் கலைஞருக்கு இல்லை. ஏமாற்றுக்காரர்கள் அவரைத் தேடி வருவதற்கு இதுவே காரணம்.

கைதி எழுதிய கடிதம்

முன்பின் தெரியாதவருக்குக் கடிதம் எழுதிக் காசு பறிப்பது இணையத்தில் பிறந்த தொழில் இல்லை. திருடனாக இருந்து பிரெஞ்சுப் போலீசில் துப்பறிவாளராக மாறிய விடோக், 1828ல் வந்த தன் நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்கிறார். பாரிஸ் சிறையிலிருந்த கைதிகள் ஊரில் உள்ள பணக்காரர்களுக்குக் கடிதம் எழுதுவார்களாம். புரட்சிக்குப் பயந்து ஓடிய பிரபுவின் வேலைக்காரன் நான், புதைத்து வைத்த பெட்டி ஒன்று இருக்கிறது, மீட்கக் கொஞ்சம் பணம் வேண்டும் என்று. நூற்றுக்கு இருபது பேர் பதில் போட்டதாக அவர் கணக்கு! பின்னாளில் இதுவே "ஸ்பானியக் கைதி" மோசடி என்று பெயர் பெற்றது. 20ஆம் நூற்றாண்டின் கடைசியில் நைஜீரிய இளவரசர் கடிதமாக வந்தது. அந்நாட்டுக் குற்றவியல் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து அதை "419" என்பார்கள்.

ஓவியருக்கு வரும் கடிதம் இதன் பேரப்பிள்ளை. சிதம்பரத்தில் நடராஜர் படம் வரைந்து விற்கும் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மெயில் வருகிறது. "உங்கள் படத்தை என் மனைவி ரசித்துப் பார்த்தாள். எங்கள் திருமண நாளுக்கு அவளுக்குத் தெரியாமல் வாங்கிப் பரிசளிக்க வேண்டும். நாங்கள் வேறு நாட்டுக்குக் குடிபெயர்கிறோம். என் சரக்கு ஏஜெண்ட் வந்து எடுத்துக்கொள்வார்." எந்தப் படம், என்ன அளவு, என்ன சாயம்... ஒரு கேள்வியும் இருக்காது. பேரமும் இருக்காது.

விலை 300 டாலர். வந்த காசோலையோ 2,300 டாலர்! "கூடுதல் 2,000ஐ என் ஏஜெண்டுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று ஒரு வரி. ஓவியர் காசோலையை வங்கியில் போடுகிறார். அமெரிக்கா போன்ற நாடுகளில் காசோலை முழுதாகத் தேறும் முன்பே சில நாட்களில் பணத்தை எடுக்க வங்கி அனுமதிக்க வேண்டும் என்று 1987லேயே சட்டம் இருக்கிறது. கணக்கில் பணம் தெரிகிறது, ஓவியர் 2,000ஐ அனுப்பிவிடுகிறார். சில வாரம் கழித்துக் காசோலை போலி என்று திரும்புகிறது. வங்கி 2,300ஐயும் கழித்துக்கொள்கிறது. அனுப்பிய 2,000 ஓவியரின் சொந்தப் பணம். கணக்கில் தெரிவது வேறு, பணம் தேறுவது வேறு என்ற ஒரு விஷயத்தின் மேல்தான் இந்த முழு மோசடியும் நிற்கிறது.

நம் ஊரில் வெளிநாட்டுக் காசோலை பெரும்பாலும் வசூலுக்குப் போய்த் தேறவே வாரக்கணக்கில் ஆகும். அதனால் இங்கே வேஷம் கொஞ்சம் மாறும். "பணம் அனுப்பியாயிற்று, அனுப்பும் கட்டணம் கட்டினால்தான் விடுவிப்போம்" என்று வங்கியிலிருந்து வருவதுபோல் ஒரு போலி மெயில். இல்லாவிட்டால் ராணுவ அதிகாரி என்று சொல்லி, "பணம் வர இந்த க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பர் போடுங்கள்" என்பார்கள். யுபிஐயில் பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. போட்டால் பணம் போகும், வராது.

விருத்தாசலம் சொல்லும் இன்னொரு பக்கம்

நம் மாவட்டத்திலேயே வேறு மாதிரி வாங்குபவர் கதையும் உண்டு. விருத்தாசலம் விருத்தகிரீஸ்வரர் கோயிலின் அர்த்தநாரீஸ்வரர் கற்சிலையை, சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடம் 2004ல் நியூயார்க் வியாபாரி சுபாஷ் கபூரிடம் வாங்கியது. சிலை எங்கிருந்து வந்தது என்பதற்குக் காகிதம் எல்லாம் இருந்தது, போலியாக! பழைய புகைப்படங்களோடு ஒப்பிட்டபோது உண்மை வெளியே வந்தது. 2014 செப்டம்பரில் ஸ்ரீபுரந்தான் நடராஜரோடு சேர்த்து இந்தியாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். கபூர் 2011ல் ஜெர்மனியில் பிடிபட்டார், 2022ல் கும்பகோணம் நீதிமன்றம் அவருக்கு 10 ஆண்டு சிறை விதித்தது.

இந்த மாதிரிக் கடத்தலில் பழைய சிலைகளைப் புதிய கைவினைப் பொருள் என்று எழுதித்தான் கப்பலில் ஏற்றுவார்கள். அதனால் "என் பழைய சிலை ஒன்றையும் உங்கள் பெயரில் சேர்த்து அனுப்ப முடியுமா?" என்று ஒரு வாங்குபவர் கேட்டால் உடனே உஷாராக வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டுக்கு மேற்பட்ட சிலைகளைத் தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. புதிய சிலைக்கும் "இது தொல்பொருள் அல்ல" என்று தொல்லியல் துறையிடம் சான்று வாங்கிக்கொள்வது பாதுகாப்பு. இங்கே போவது பணம் மட்டுமில்லை, ஜெயிலும் உண்டு.

சரி, என்ன செய்வது?

1. கேள்வி கேளுங்கள். எந்தப் படம், ஏன் இது, எங்கே மாட்டப் போகிறீர்கள்? உண்மையாக வாங்குபவருக்குப் படத்தைப் பற்றிப் பேசப் பிடிக்கும். ஏமாற்றுபவர் பணத்துக்கும் ஏஜெண்டுக்கும் தாவுவார்.

2. விலை, அளவு, அனுப்பும் செலவு, சுங்க வரி யார் கட்டுவது, எத்தனை நாள் என்று எல்லாவற்றையும் எழுத்தில் வையுங்கள். குண்டு எவ்வளவு தூரம் போகும் என்பதை அவர் தீர்மானிக்கும்படி விட வேண்டாம்.

3. விலைக்கு மேல் ஒரு பைசா வந்தாலும் வேலையை நிறுத்துங்கள். மிச்சத்தை மூன்றாவது ஆளுக்கு அனுப்பச் சொன்னால் அது மோசடி. வேறு விளக்கம் தேவையில்லை.

4. வந்ததாகச் சொல்லும் ரசீதை நம்பாதீர்கள், உங்கள் வங்கியைக் கேளுங்கள். மெயிலில் உள்ள சுட்டியை அழுத்தாமல் நீங்களே கணக்கைத் திறந்து பாருங்கள். கார்டு மூலம் வந்த பணம், திருட்டுக் கார்டாக இருந்தால் பிற்பாடு திரும்பப் போகலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

5. பார்சலை நீங்கள் தேர்ந்தெடுத்த கூரியரிலோ தபாலிலோ, கண்காணிப்பு எண்ணோடு அனுப்புங்கள்.

6. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழைத்துப் புகார் கொடுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை வழியில் நிறுத்த வாய்ப்பு உண்டு.

இதைப் படித்துவிட்டு வெளிநாட்டிலிருந்து வரும் எல்லாக் கடிதத்தையும் அழித்துவிடாதீர்கள் நண்பர்களே! கடலூரும் பரங்கிப்பேட்டையும் வளர்ந்ததே முகம் தெரியாத வாங்குபவர்களால்தான். அந்தக் காலத்து நெசவாளர் அவர்களை நம்பினாரா இல்லையா என்பது பெரிய விஷயமே இல்லை. அச்சாரம் கைக்கு வரும்வரை தறியில் உட்காரவில்லை, அவ்வளவுதான். உண்மையான வாங்குபவர் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டு போகிறவரால் நஷ்டம் எதுவும் இல்லை.