தானுந்து பிரேக் பாகங்களின் மாற்றுப் பொருத்தம்

தானுந்து பிரேக் பாகங்களின் மாற்றுப் பொருத்தம் என்பது ஒரு தானுந்து வகைக்கென வடிவமைக்கப்பட்ட டிஸ்க், காலிப்பர், மாஸ்டர் சிலிண்டர் முதலிய பாகங்களை வேறொரு வகைத் தானுந்தில் பொருத்துவதைக் குறிக்கும். பெரும்பாலும் ஒரே நிறுவனத்தின் அதிக ஆற்றல் கொண்ட வகையிலிருந்து எடுக்கப்படும் பாகங்கள், அதே அடித்தளத்தில் அமைந்த சாதாரண வகையில் பொருத்தப்படுகின்றன. இயந்திரத்தின் ஆற்றலைக் கூட்டியவர்களும் பந்தய ஓட்டுநர்களும் இதனைச் செய்கின்றனர். தனிச் சந்தையில் விற்கப்படும் முழுத் தொகுதிகளைவிடச் செலவு குறைவு என்பதும், உற்பத்தியாளரின் சோதனையைக் கடந்த பாகங்கள் என்பதும் இம்முறையின் சிறப்புகளாகக் கருதப்படுகின்றன. ஆனால் ஒரு பாகம் போல்ட் அளவில் பொருந்துவதும் அது பாதுகாப்பாக இயங்குவதும் ஒன்றல்ல.

நோக்கம்

ஓடும் தானுந்தின் இயக்க ஆற்றலை வெப்பமாக மாற்றுவதே பிரேக்கின் பணி. 1,200 கிலோகிராம் எடையுள்ள தானுந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் இயக்க ஆற்றல் ஏறத்தாழ 463 கிலோஜூல் ஆகும். வேகம் 140 கிலோமீட்டராக உயர்ந்தால் இது ஏறத்தாழ 907 கிலோஜூலாகிறது. அதாவது வேகம் இரண்டில் ஒரு பங்குகூடக் கூடாதபோதும் வெப்பம் இருமடங்கை நெருங்குகிறது.

முன் பிரேக்குகள் இதில் 70 விழுக்காட்டை ஏற்பதாகவும், இரு முன் டிஸ்குகளின் மொத்த எடை 12 கிலோகிராம் எனவும் கொண்டால், மணிக்கு 100 கிலோமீட்டரிலிருந்து ஒருமுறை நிறுத்தும்போது டிஸ்கின் வெப்பநிலை சுமார் 59 பாகை செல்சியசு உயரும். டிஸ்குகளின் எடை 16 கிலோகிராம் எனில் உயர்வு சுமார் 44 பாகை மட்டுமே. பந்தயத் தடத்திலோ, 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை போன்ற இறக்கங்களிலோ பிரேக் ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை. அங்கு வெப்பம் சேர்ந்துகொண்டே போய், பேடின் உராய்வு குறைகிறது. பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழிகள் தோன்றினால் மிதி தரையைத் தொடும்வரை இறங்கிவிடுகிறது.

பெரிய பிரேக் நிறுத்தும் தூரத்தைக் குறைக்கும் என்பது பரவலான தவறான கருத்தாகும். குளிர்ந்த நிலையிலுள்ள பிரேக் சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு வலிமையுடையதாக இருந்தால், ஒற்றை நிறுத்தத்தில் தூரத்தைத் தீர்மானிப்பது டயரின் பிடிப்பே. பெரிய டிஸ்கின் உண்மையான பயன் மீண்டும் மீண்டும் நிறுத்தும்போது வலிமை குன்றாமையாகும்.

பொருத்தம் பார்க்கும் அளவுகள்

* போல்ட் வட்டம்: டிஸ்கின் துளைகளின் எண்ணிக்கையும் வட்ட விட்டமும் ஹப்புடன் ஒத்திருத்தல் வேண்டும்.
* நடுத்துளையும் டிஸ்கின் ஆழமும்: ஆழம் மாறினால் டிஸ்க் காலிப்பரின் நடுவில் அமையாது, பேட்கள் ஒரு பக்கமாகத் தேயும்.
* காலிப்பர் தாங்கியின் துளை இடைவெளி.
* சக்கரத்தின் உள்வெளி: டிஸ்கின் விட்டம் மட்டுமன்றிக் காலிப்பரின் முகத்துக்கும் சக்கரக் கம்பிகளுக்கும் இடையிலான வெளியும் பார்க்கப்பட வேண்டும்.
* குழாய் இணைப்பின் மரை அளவும் நெகிழ்குழாயின் நீளமும்: சக்கரம் இருபுறமும் முழுவதும் திரும்பும்போதும், தொங்கும்போதும் குழாய் இழுபடக் கூடாது.
* காற்று வெளியேற்றும் நிப்பிள்: காலிப்பரைப் பொருத்தியபின் இது மேற்பக்கம் இருத்தல் வேண்டும். இட, வலக் காலிப்பர்கள் இடம் மாறினால் காற்று உள்ளேயே தங்கிவிடும்.

நீரியல் விகிதம்

மிதியின் விசை மாஸ்டர் சிலிண்டரில் அழுத்தமாக மாறி, காலிப்பரின் பிஸ்டன்களைத் தள்ளுகிறது. எனவே பிடிவிசையைத் தீர்மானிப்பது பிஸ்டன்களின் எண்ணிக்கை அன்று, அவற்றின் பரப்பளவே. 57 மி.மீ. விட்டமுள்ள ஒற்றைப் பிஸ்டன் கொண்ட நகரும் காலிப்பரின் பரப்பு 25.5 சதுர செ.மீ. ஆகும். பக்கத்துக்கு இரண்டாக 40 மி.மீ. பிஸ்டன்கள் நான்கு கொண்ட நிலைக் காலிப்பரில் ஒரு பக்கத்தின் பரப்பு 25.1 சதுர செ.மீ. மட்டுமே. ஒரே அழுத்தத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒரே பிடிவிசையைத் தருகின்றன. நான்கு பிஸ்டன் காலிப்பரின் நன்மை விறைப்பும் பேடின் சீரான தேய்மானமும் ஆகும்.

பிஸ்டன் பரப்பு மிகக் கூடினால் அதிக எண்ணெய் தேவைப்பட்டு மிதி நெடுந்தொலைவு இறங்கும். இதனைச் சரிசெய்ய மாஸ்டர் சிலிண்டரை 22.2 மி.மீ. இலிருந்து 23.8 மி.மீ. ஆக மாற்றினால் அதன் பரப்பு ஏறத்தாழ 15 விழுக்காடு கூடுகிறது. மிதியின் இறக்கம் குறையும். ஆனால் அதே அழுத்தத்தைப் பெற அந்த விகிதத்தில் அதிக விசையுடன் மிதிக்க வேண்டும்.

முன்பின் சமநிலை

நிறுத்தும்போது எடை முன்சக்கரங்களின்மீது சாய்வதால், முன்சக்கரங்கள் முதலில் பூட்டும்படியே தானுந்துகள் வடிவமைக்கப்படுகின்றன. பின்சக்கரங்கள் முதலில் பூட்டினால் தானுந்து சுழன்றுவிடும். பின்பக்க டிரம்மை நீக்கிப் பெரிய டிஸ்கைப் பொருத்தும் மாற்றம் தோற்றத்துக்காகப் பலரால் விரும்பப்பட்டாலும், இச்சமநிலையைக் குலைக்கக்கூடியது. முன்பக்கத்தை மட்டும் மிகையாக வலுப்படுத்தினால் பின் டயர்களின் பிடிப்பு பயன்படாமல் போய், நிறுத்தும் தூரம் கூடவும் வாய்ப்புண்டு. ஏபிஎஸ் அமைப்பும் மூல பிரேக்கின் அளவுகளுக்கேற்பவே அமைக்கப்பட்டுள்ளது. பின்பக்க மாற்றத்தில் கைப்பிரேக்கின் இணைப்பும் கணக்கில் கொள்ளப்பட வேண்டும்.

எடுத்துக்காட்டுகள்

ஃபோக்ஸ்வாகன் குழுமம்: நான்காம் தலைமுறை கோல்ஃப், முதல் தலைமுறை ஆடி டிடி, முதல் தலைமுறை ஸ்கோடா ஆக்டேவியா ஆகியவை ஒரே அடித்தளத்தைக் கொண்டவை. ஆக்டேவியா 2001இல் இந்தியாவில் அறிமுகமானது. 288 மி.மீ. முன் டிஸ்க் கொண்ட வகைகளில், ஆடி டிடியின் 312 மி.மீ. டிஸ்கையும் அதற்குரிய காலிப்பர் தாங்கியையும் பொருத்தலாம். 54 மி.மீ. பிஸ்டன் கொண்ட அதே காலிப்பர் தொடர்வதால் நீரியல் விகிதம் மாறுவதில்லை. டிஸ்கின் செயலாரம் மட்டும் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு கூடுகிறது. 16 அங்குலச் சக்கரம் தேவை. குறைந்த பாகங்களுடன் நிறைவேறும் மாற்றத்துக்கு இது நல்ல சான்றாகும்.

சுபாரு இம்பிரெசா: எஸ்டிஐ வகையின் பிரெம்போ காலிப்பரும் 326 மி.மீ. முன் டிஸ்கும் டபிள்யூஆர்எக்ஸ் வகையில் பொருத்தப்படுவதுண்டு. எஸ்டிஐயின் போல்ட் வட்டம் 2005ஆம் மாதிரி ஆண்டில் 100 மி.மீ. இலிருந்து 114.3 மி.மீ. ஆக மாற்றப்பட்டது. ஆகவே பெயர் ஒன்றாயிருந்தாலும், ஆண்டு பார்த்தே டிஸ்கை வாங்க வேண்டும்.

மிட்சுபிசி லான்சர்: இந்துஸ்தான் மோட்டார்சு நிறுவனம் திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் லான்சரைத் தயாரித்தது. அதே ஆண்டு வெளிவந்த லான்சர் எவல்யூசன் ஐந்தாம் பதிப்பு பிரெம்போ பிரேக்குகளைப் பெற்றது. எனினும் திருவள்ளூர் லான்சரின் ஹப் நான்கு போல்ட் கொண்டது. எவல்யூசனுடையது ஐந்து போல்ட் கொண்டது. எனவே இம்மாற்றத்துக்கு ஹப்பும் 17 அங்குலச் சக்கரமும் சேர்ந்தே மாற வேண்டியிருக்கும். குடும்பப் பெயர் பொதுவாக இருப்பது பொருத்தத்துக்கு உறுதி அன்று.

தமிழ்நாட்டின் பங்கு

இந்தியாவின் பிரேக் உற்பத்தியில் சென்னை முதன்மையான இடம் வகிக்கிறது. பிரேக்சு இந்தியா நிறுவனம் 1962இல் டிவிஎஸ் குழுமமும் இங்கிலாந்தின் கெர்லிங்கும் சேர்ந்து பாடியில் தொடங்கியதாகும். ரானே பிரேக் லைனிங் 1964இலும், சுந்தரம் பிரேக் லைனிங்சு 1974இலும் நிறுவப்பட்டன. முதலில் சோழவரத்திலும், பின்னர் திருப்பெரும்புதூர் அருகிலுள்ள இருங்காட்டுக்கோட்டையிலும், கோயம்புத்தூர் அருகே செட்டிப்பாளையத்திலும் நடைபெற்ற பந்தயங்கள், மாற்றியமைக்கப்பட்ட தானுந்துகளுக்குப் பொதுச்சாலைக்குப் புறம்பான களமாக அமைந்தன.

சட்டநிலை

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறித்த மூல விவரங்களிலிருந்து மாறுபடும் வகையில் வாகனத்தை மாற்றுவதைத் தடை செய்கிறது. உச்ச நீதிமன்றம் 2019 சனவரியில் வழங்கிய தீர்ப்பில் இதனை உறுதி செய்தது. டிஸ்கின் விட்டம் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுவதில்லை. ஆயினும் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 96ஆம் விதி பிரேக்கின் செயல்திறனை வரையறுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் மாற்றியமைக்கப்பட்ட 182அ பிரிவு, அனுமதிக்கப்படாத மாற்றம் செய்யும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் தண்டம் அல்லது இரண்டும் விதிக்க வழிசெய்கிறது.

இது நடுவண் சட்டமாதலால் ஒன்றியப் பகுதியான புதுச்சேரிக்கும் பொருந்தும். புதுச்சேரி ரெட்டியார்பாளையத்தில் உள்ள பட்டறையில் செய்த மாற்றமும் சென்னையில் செய்த மாற்றமும் சட்டத்தின் முன் ஒன்றே. காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்காத மாற்றம், விபத்துக்குப் பின் இழப்பீடு பெறுவதையும் பாதிக்கக்கூடும்.

பொருத்தியபின் செய்ய வேண்டியவை

பழைய பாகங்களாயின் டிஸ்கின் தடிப்பு, அதன்மீது பொறிக்கப்பட்டுள்ள குறைந்தபட்ச அளவுக்கு மேல் இருத்தல் வேண்டும். காலிப்பரின் ரப்பர் அடைப்புகள் புதிதாக மாற்றப்பட வேண்டும். காலிப்பர் போல்ட்கள் உற்பத்தியாளர் குறித்த முறுக்கு அளவில் இறுக்கப்படுகின்றன. புதிய டாட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 பாகை செல்சியசு. ஈரம் ஏறியபின் இது 155 பாகை வரை குறையலாம். ஆகவே மாற்றத்தின்போது எண்ணெயும் முழுவதுமாக மாற்றப்படுகிறது. சிலிகான் அடிப்படையிலான டாட் 5 எண்ணெயை இதனுடன் கலத்தல் கூடாது. இறுதியாக, நடமாட்டமற்ற இடத்தில் குறைந்த வேகத்தில் தொடங்கிப் படிப்படியாக நிறுத்திப் பார்த்து, எந்தச் சக்கரம் முதலில் பூட்டுகிறது, வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா, எங்கேனும் எண்ணெய் கசிகிறதா என்பவை அறியப்பட வேண்டும்.

இவற்றையும் பார்க்க

* டிஸ்க் பிரேக்
* பாசுக்கலின் விதி
* உராய்வு
* மோட்டார் வாகனச் சட்டம், 1988